புகை தெரிகிற வெளிநாடு

1

ஏலக்காய் வாங்க மலைக்கு வந்த மதுரைக்காரர் ஒருவர் போன மாதம் என் கடையில் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, தான் ஒரு மாதப் பத்திரிகையும் நடத்துவதாகச் சொன்னார். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று போய்க் குடியேறியவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புகிறார்களாம். ஊரில் உள்ளவர்கள் அவற்றை விழுந்து விழுந்து படிக்கிறார்களாம். "நீங்களும் எழுதலாமே, நீங்களும் அந்நிய தேசத்தில்தானே இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ரங்கூன்காரர்கள் கப்பல் ஏறினார்கள். நான் போடிநாயக்கனூரில் காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு முந்தல் வரை நடந்து, அங்கிருந்து பொதிமாட்டுத் தடத்தில் மலையேறி, வெயில் சாய்வதற்குள் வெளிநாடு வந்து சேர்ந்தேன். அவர்களுக்குக் கடலில் வாந்தி வந்ததாம். எனக்கு வழியில் அட்டை கடித்தது. ஊர் கனவில் வருகிறது என்று அவர்கள் உருகுகிறார்கள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை. மஞ்சு விலகிய சாயங்காலத்தில் கடை வாசலில் நின்றால் போடி முழுவதும் காலடியில் தெரியும். அண்ணன் வீட்டுக் கூரை தீப்பிடித்தால் அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனாலும் இது வெளிநாடுதான். கீழே வெள்ளைக்காரர் ராஜ்யம். மேட்டில் நட்டிருக்கிற எல்லைக்கல்லைத் தாண்டினால் திருவாங்கூர் மகாராஜா ராஜ்யம். இங்கே காசு வேறு, எழுத்து வேறு, வருஷம் பிறக்கிற மாதமே வேறு. சித்திரை ஒன்றாம் தேதி நான் பாயசம் வைத்தால், இன்றைக்கு என்ன விசேஷம் என்று என் மகளே கேட்கிறாள்.

பெண்பிள்ளை எழுதுகிறாளே என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறு வயதில் என் அப்பா என்னைப் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார். படித்த பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் போகிற வீட்டில் கேள்வி கேட்பாள் என்று சொந்தக்காரர்கள் அப்போதே அவரை எச்சரித்தார்கள். அவர்கள் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

2

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேட்டில் உள்ள சுங்கச் சவுக்கைக்குப் புது அதிகாரி வந்திருக்கிறார். கொல்லம் பக்கத்து மனிதர், இளவயது, நல்ல மரியாதைக்காரர். தமிழ் கேட்டால் பாதி புரியும். காய் எடுக்க வருகிற கூலிப்பெண்களும், கடை வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களும் அவர் முன்னால் வரிசையில் நின்று பேர் கொடுக்கவேண்டும். நம் பேரோடு புருஷன் பேரும் சொல்லவேண்டும்.

நம் ஊர்ப் பெண்களிடம் இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. எனக்கு முன்னால் நின்றவள் ஒரு சின்னப்பெண். புருஷன் பேர் பழனி. அவள் வாயால் சொல்வாளா? "நம்ம முருகன் குடியிருக்கிற ஊருங்கய்யா" என்றாள். அவர் எழுதுகோலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். "மலை மேல, கோவணங் கட்டி நிப்பாரே" என்று அவள் இன்னும் விளக்கினாள். கடைசியில் அவர் வேலாயுதன் என்று எழுதிக்கொண்டார். பழனி பாவம், திருவாங்கூரில் இருக்கும்வரை வேலாயுதன்.

அடுத்து நான்.

"பர்த்தாவின்டெ பேரு?"

"வீரணன்" என்றேன், கேட்ட கேள்விக்குப் பதிலாக, அவ்வளவுதான்.

எனக்குப் பின்னால் வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது. "ஆத்தாடி, இந்தக்கா வாய்விட்டுச் சொல்லிருச்சே" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். அதிகாரிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை பெண்கள் விடுகதை போட்ட இடத்தில் ஒருத்தி மட்டும் பளிச்சென்று சொன்னால் சந்தேகம் வரத்தானே செய்யும்?

"அயாள் எவிடெ?"

"கீழே."

"நிங்ஙள் இவிடெ?"

"நான் இங்கே. எங்களை அத்துவிட்டாச்சு."

அவருக்கு அது புரியவில்லை. என் மகள் சீனி முன்னால் வந்து மலையாளத்தில் எடுத்துச் சொன்னாள். விவாகம் தீர்ந்தது என்றால் அதற்குக் காகிதம் உண்டா என்று அவர் கேட்டார். காகிதம் இல்லை, துரும்பு உண்டு என்றேன். சீனி அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். துரும்பை எழுத அவரிடம் கட்டம் இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் இழுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தக் கோடே பார்க்கத் துரும்பு மாதிரிதான் இருந்தது.

3

சீனிக்குக் கல்யாண வயது. இடுப்புக் குழந்தையாக வந்தவள், இந்த மண்ணில்தான் பேசப் பழகினாள். சோறு வேண்டாம் என்றால் "எனிக்கு வேண்டா" என்பாள். கோபம் வந்தால் சுத்த மலையாளம். என்னிடம் காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் "எங்கம்மால்ல" என்று போடித் தமிழ் வரும். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. எத்தனையோ முறை சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். மழையும் அடுப்பும் சாப்பிட வந்தவர்களும் குறுக்கே வந்தார்கள். அவளைப் பற்றியே எழுதுகிறேன், அவளால் படிக்க முடியாது. இது எனக்கு வருத்தம்தான்.

சவுக்கையிலிருந்து திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்தப் பெண்களைச் சொல்லிச் சிரித்தாள். "ஒரு பேரு சொன்னா எந்தாம்மே? வாயி வெந்துபோகுமோ?" என்றாள்.

அவளுக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்கு அந்தப் பேரைச் சொல்வதற்கு ஒரு மலை ஏறவேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை. இனி வரிசையாகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் வீரணன் எனக்கு வெறும் "அவர்"தான். அதனால் அந்த இடம் வரும்வரை இங்கேயும் அவர் என்றே எழுதுகிறேன். அவருக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்துப் போகட்டும்.

4

அவர் வீட்டில் ஒரு குலுக்கை இருந்தது. ஆள் உயரத்துக்கு மண்ணால் செய்த தானியக் கூண்டு. மேலே மூடி, கீழே அள்ளுவதற்கு ஒரு துவாரம். எல்லோர் வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் அவர் அந்தத் துவாரத்துக்கு இரும்புத் தகடு அடித்து, மூடிக்குச் சங்கிலி போட்டு, இரண்டையும் சேர்த்துப் பூட்டியிருந்தார். குலுக்கைக்குப் பூட்டுப் போட்ட வீடு ஊரிலேயே அது ஒன்றுதான். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

ஆடி பிறந்தால் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போவார், தையில் திரும்புவார். போகும்போது ஒரு சின்னச் சட்டியில் சோளம் அளந்து வைத்துவிட்டு, சாவியோடு போய்விடுவார். சட்டி காலியானால் நான் என்ன செய்வது என்று கேட்டேன். கேட்டதற்கு அடி விழுந்தது. மாமனார் மாமியார் பக்கத்துத் தெருவில், தங்கள் குலுக்கையோடு சௌக்கியமாக இருந்தார்கள்.

சீனி பிறந்த வருஷம் பால் வற்றிப்போனது. பக்கத்து வீடுகளில் கம்பு கேட்டு வாங்கினேன். கேட்பதற்கும் வீடு மிச்சம் இல்லாமல் போனபோது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மலையேறிச் சாவி கேட்கப் போனேன். காய் உலர்த்துகிற கொட்டகையில், கூலியாட்கள் முன்னால் வைத்து அடித்தார். "குலுக்கையத் தொறந்து ஒங்கண்ணனுக்கு அளக்கவா?" என்றார். வெறுங்கையோடு இறங்கினேன். முழுக்க வெறுங்கை என்றும் சொல்ல முடியாது. சவுக்கையில் காவல்காரர்கள் ஒவ்வொருவர் மடியையும் அவிழ்த்துப் பார்த்து, தீர்வை கட்டாத புகையிலையை எடுத்துவைப்பதைப் பார்த்திருந்தேன். அப்போது அது எனக்கு எதற்கு உதவும் என்று தெரியாது.

அந்தத் தையில் அவர் இறங்கி வரவில்லை. அடுத்த தையும் வரவில்லை. சாவியும் வரவில்லை. அண்ணன் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டேன்.

எங்கள் ஆட்களில் புருஷன் பெண்சாதி பிரிவதென்றால் கோர்ட்டுக் கச்சேரி என்று போவதில்லை. சாவடியில் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து ஒடித்துப் பெண்சாதி கையில் கொடுத்தால் முடிந்தது. அதில் ஒரு முடிச்சு உண்டு. குற்றம் புருஷன் பேரில் என்றால் பிள்ளை அம்மாவோடு வரும். அவளாக விலகிப் போகிறாள் என்றால் பிள்ளையை அவன் வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

நாட்டாமை சுருளியப்பர் கெட்ட மனிதர் இல்லை. எதற்கும் அவசரப்படமாட்டார். வாயில் புகையிலை ஒதுக்கியிருப்பார். அதைத் துப்பிய பிறகுதான் தீர்ப்பு வரும். மூன்று முறை மலைக்கு, அவரிடம் ஆள் அனுப்பினார். மூன்று முறையும் "சோலி கெடக்கு" என்று பதில் வந்தது.

"அடிச்சான்ங்குற. சரித்தா, எந்த வீட்டுல அடி விழல?" என்றார் நாட்டாமை. "இதுக்கெல்லாம் துரும்பு ஒடிச்சா ஊருல ஒரு வைக்கப்படப்பு மிஞ்சுமா?"

சாவடியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

"குலுக்கையப் பூட்டிட்டுப் போயிட்டாகப்பு" என்றேன்.

"அது சிக்கனம். ஆம்பள சேத்து வைக்கணும்ல."

பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் அந்தப் பூட்டு எந்த ஊரில் வாங்கியது, எத்தனை நெம்பினாலும் திறக்காதா என்று அக்கறையாக விசாரித்தார். அவர் வீட்டிலும் ஒன்று போட ஆசை வந்துவிட்டது போலிருந்தது.

"ரெண்டு தையா ஆளு வரல. விட்டுட்டு ஓடிப்போனதுக்கு வேற என்னப்பு பேரு?"

நாட்டாமை எழுந்து சாவடி வாசலுக்கு வந்து மலையைக் காட்டினார். "அந்தா பாரு. சாயங்காலமானா அவன் காய் ஒணத்துற பொகை தெரியுது. கண்ணுக்குத் தெரியிற தூரத்துல இருக்கவன் எப்படித்தா ஓடிப்போனவனாவான்? இந்தா இருக்கான். நீயா வெலகிக்கிறதுன்னா வெலகிக்க. புள்ளைய அவுக வீட்டுல விட்டுரு."

அந்தப் பூட்டின் முன்னால் என் பிள்ளை பசித்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். சீனியை விட்டுவிட்டு நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அழுதால் அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள் என்பதும் தெரிந்தது. அதனால் அழவில்லை.

"பக்கந்தானேப்பு" என்றேன். "அப்ப நாளைக்கு ஒரு எட்டுப் போயி நீங்களே அவுகள ஒரு வார்த்தை கேட்டுருங்க. பொகை தெரியிற தூரந்தானே."

தன் வாயால் பக்கம் என்று சொல்லிவிட்டு, போகமாட்டேன் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

5

நாட்டாமை, பூட்டு விசாரித்த பெரியவர், என் அண்ணன், சீனியோடு நான். முந்தலில் நாட்டாமை உற்சாகமாகத்தான் இருந்தார். பாதி மலையில் ஒரு பாறையில் உட்கார்ந்து, "இந்தா வந்துருச்சு" என்றார். கொஞ்ச தூரம் போய் இன்னொரு பாறையில் உட்கார்ந்து அதையே சொன்னார். புகைதான் கண்ணுக்குத் தெரிகிறதே, இந்தா என்று சொன்னால் வந்துவிட வேண்டியதுதானே.

ஏறும்போது பெரியவர் என் அண்ணனிடம், மிளகாய் யாவாரி ஒருவருக்குப் பெண்சாதி செத்து ஒரு வருஷம் ஆகிறது என்று மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தார். இன்னும் துரும்பே ஒடியவில்லை, அதற்குள் அடுத்த குலுக்கைக்கு என்னைக் கைகாட்டிக்கொண்டிருந்தார்.

சவுக்கையில் மடியை அவிழ்க்கச் சொன்னார்கள். நாட்டாமையின் புகையிலைச் சுருள் வெளியே வந்தது. பெரிய சுருள். காவல்காரர் அதை வாங்கி ஒரு பெட்டியில் வைத்தார்.

"ஏய்யா, நான் போடி நாட்டாமை" என்றார் சுருளியப்பர்.

"அது தாழெ" என்றார் காவல்காரர். "இது வேறெ ராஜ்யம்." திரும்பிப் போகும்போது தந்துவிடுவதாகவும் சொன்னார். பெட்டியைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காட்டுக்குள் ரோந்து போய்விட்டார்.

புகையிலையை எடுத்துவைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பூட்டுவார்கள், சாவி காட்டுக்குள் போகும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அது சாமியாகப் பார்த்துக் கொடுத்தது.

கொட்டகையில் இருந்த அவருக்கு ஒரு பொதிமாட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்தோம். புகையிலை போடாதவர்களுக்கு நாட்டாமையின் பாடு புரியாது. முதலில் கொட்டாவி விட்டார். பிறகு கண்ணில் நீர் வந்தது. பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். வெற்றிலையை வெறுமனே மென்று துப்பினார். குஞ்ஞம்மை என்று ஒரு கிழவி, காவல்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவள், எங்களுக்கும் கஞ்சி கொடுத்தாள். நாட்டாமைக்கு அது இறங்கவில்லை.

"உள்ளதான் இருக்கு" என்றார் பெட்டியைத் தடவிக்கொண்டு. "கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு. சாவியக் கொண்டு போயிட்டானே பாவி. இதென்ன அநியாயம்?"

"சிக்கனம்னு நெனச்சுக்கங்கப்பு" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சீனிக்கு மூக்குச் சிந்திக்கொண்டிருந்தேன்.

6

வெயில் சாய்கிற நேரத்துக்கு அவர் வந்தார், மெதுவாக, சோலி கெடுகிற முகத்தோடு. சாவி வருவதற்குள் வந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், நாட்டாமை வாயில் புகையிலையோடு சாந்தமாக இருந்திருப்பார், என் பிள்ளை என் கையை விட்டுப் போயிருக்கும்.

"என்ன நாட்டாமை, இம்புட்டுத் தூரம்?" என்று கேட்டார். தூரம் என்று தன் வாயாலேயே சொல்லி, தனக்குத் தெரியாமலே எனக்கு முதல் உதவி செய்துவிட்டார்.

"பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு ஓடிவந்து ஒக்காந்திருக்கியாமே?"

"நானா? இந்தா இருக்கிற போடிய விட்டு எவன் ஓடிப்போறான்? நெனச்சா வெரசா எறங்கிருவேன்."

"இந்தா இருக்கிற போடியா?" நாட்டாமையின் குரல் சவுக்கைக் கூரையில் முட்டியது. "ஏண்டா, மூச்சு வாங்க ஏறி வந்திருக்கேன். மடிய அவுத்துப் பாக்குறான். போடி நாட்டாமைன்னா அது கீழங்குறான். இது வேற ராச்சியம்டா. ராச்சியம் விட்டு ராச்சியம் போயி ரெண்டு வருசமா திரும்பாதவன் ஓடிப்போனவன் இல்லாம வேற யாருடா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாட்டாமையின் கண் அவர் இடுப்புக்குப் போனது.

"அதென்ன தொங்குது?"

"குலுக்கைச் சாவிங்க."

நாட்டாமை அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு புகையிலைப் பெட்டியின் பூட்டைப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "இது கொடுமடா" என்றார். உரக்கக்கூடச் சொல்லவில்லை. "கைக்குழந்தைக்காரிய வச்சுக்கிட்டு இதச் செய்யிறது கொடும. புள்ள ஆத்தாகிட்டயே இருக்கட்டும். துரும்ப ஒடி."

பூட்டு விசாரித்த பெரியவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. மலையில் வைக்கோல் ஏது? நெல் விளைகிற மண்ணா இது? சவுக்கைக் கூரை காட்டுப்புல். புல் துரும்பாகுமா ஆகாதா என்று பெரியவர் ஒரு வழக்கைத் தொடங்கப் பார்த்தார். நான் சீனியின் துணி மூட்டையை அவிழ்த்து, அண்ணன் வீட்டுப் படப்பிலிருந்து உருவி எடுத்துவந்த நீளமான துரும்பை எடுத்துக் கொடுத்தேன்.

நாட்டாமை என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆத்தா, நீ எல்லாத்துக்கும் ஆயத்தமாத்தான் மல ஏறிருக்க."

துரும்பு ஒடிந்தது. சின்னச் சத்தம்தான். பாதி என் கைக்கு வந்தது. சீனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் அழுதாள், பிடி அவ்வளவு இறுக்கம். அழட்டும் என்று விட்டேன்.

பிறகு நான் செய்த முதல் காரியம் இதுதான். நேராக அவனைப் பார்த்து, "வீரணா" என்றேன்.

அண்ணன் அதிர்ந்துபோனார். வீரணன் யாரோ முதுகில் தட்டியது போலத் திரும்பிப் பார்த்தான். "சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து நாக்கிற்குக் கீழேயே கிடந்த பேர். சொல்லிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, எல்லோர் பேரையும் போல ஒரு பேர்தான்.

காவல்காரர் சாவியோடு வந்தார். நாட்டாமை சுருளில் பெரிய துண்டைக் கிள்ளி, எல்லைக்கல்லைத் தாண்டி அந்தப் பக்கம் நின்று வாயில் ஒதுக்கிக்கொண்டார். கண்ணை மூடித் திறந்தார். புது மனிதரானார்.

"வாத்தா, எறங்குவோம்" என்றார் அண்ணன். "மிளகாய் யாவாரி நல்ல மனுசனாம். நாட்டாமையும் பேசி முடிச்சுரலாம்ங்குறாரு."

நான் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றேன். "நான் வரலண்ணே. குஞ்ஞம்மைகிட்டக் கேட்டுட்டேன். கஞ்சி காச்ச ஆளு வேணுமாம்."

"கிறுக்குப் புள்ள, நாட்டாம சொல்றாரு."

"நாட்டாம சொல்லு கீழதானண்ணே செல்லும்? இது வேற ராச்சியம்னு அவரே சொல்லிட்டாரே."

சுருளியப்பருக்குப் பதில் இருந்திருக்கும். ஆனால் வாய் நிறையப் புகையிலை. இத்தனை நேரம் காத்திருந்து போட்டதை எனக்காகத் துப்ப அவருக்கு மனசு வரவில்லை. கையை மட்டும் அசைத்தார். அதை நான் ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன். அண்ணன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினார். அவர் தலை மறைந்த பிறகு உட்கார்ந்து நன்றாக அழுதேன். குஞ்ஞம்மை எனக்குப் பாதி புரிந்த மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே சீனிக்குக் கஞ்சி ஊட்டினாள்.

7

குஞ்ஞம்மை போய்ச் சேர்ந்துவிட்டாள். கஞ்சிக்கடை சோற்றுக்கடையாகிவிட்டது. விடியும் முன் அடுப்பு மூட்டுகிறேன். பொதிமாட்டுக்காரர்கள், காய் எடுக்கிறவர்கள், சவுக்கைக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். இந்த மழையில் விறகு எரியாது, காய்ச்சல் வந்தால் வைத்தியர் கிடையாது. வெளிநாட்டில் எல்லாம் சுகம் என்று ரங்கூன்காரர்கள் எழுதினால் நம்பாதீர்கள். மூன்று மாதம் துணி காயாது.

அண்ணன் வருஷம் ஒரு முறை வருவார். சுருளியப்பரும் ஒரு முறை வந்து சாப்பிட்டுப் போனார், மடியில் புகையிலை இல்லாமல். பூட்டு விசாரித்த பெரியவர் கடைசிவரை தன் குலுக்கைக்குப் பூட்டுப் போடவில்லை என்று கேள்வி.

சவுக்கையில் பேர் கொடுத்த அதே வாரம் வீரணன் வந்தான். அவன் இப்போதும் ஆடியில் மலை ஏறுகிறான். வேறு பெண்சாதி கட்டவில்லை. கொடுக்க யாரும் இல்லை என்று சொல்கிறார்கள். மேட்டில் சோறு கிடைக்கிற இடம் என் கடை ஒன்றுதான் என்பதால் இங்கேதான் சாப்பிட்டாக வேண்டும். வழக்கமாக மூலையில், என் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவான். இந்த முறை அந்த மூலையில் மழை ஒழுகியது. நடுவில், பானைக்கு எதிரில் உட்கார வேண்டியதாயிற்று.

சீனி இலை போட்டாள். அவன் யார் என்று அவளுக்குத் தெரியும். வெகுநாள் முன்பே சொல்லிவிட்டேன். அடுப்படிக்கு வந்து, "அம்மே, ஆ தாக்கோல் இப்போழும் உண்டு" என்று காதில் சொன்னாள். எட்டிப் பார்த்தேன். உண்மைதான். இடுப்பில், அதே கயிற்றில், அதே சாவி. கீழே யாருமில்லாத வீட்டில் குலுக்கை பூட்டிக் கிடக்கிறது. இவன் சாவியைக் கட்டிக்கொண்டு மலை மேல் பசியோடு உட்கார்ந்திருக்கிறான்.

என் கடையில் சோற்றுப்பானைக்கு மூடி கிடையாது. ஈ விழும் என்று புது அதிகாரி கூடச் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

இலை காலியாகியிருந்தது. அவன் கேட்கவில்லை. விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டு குனிந்தே இருந்தான். சட்டி காலியானபோது நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். அந்தப் பசியை நான் மறக்கவில்லை. அவனை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், அதுவும் இல்லை.

அகப்பையை எடுத்துக்கொண்டு நானே போனேன். கடை நிறைய ஆட்கள், சவுக்கை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் உட்பட. எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

"வீரணா, சோறு போதுமா?"

பெண்கள் சோற்றுக் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பார்த்தார்கள். அவன் நிமிரவில்லை. சாவியின் மேல் துண்டை இழுத்து விட்டுக்கொண்டான்.

"இன்னுங் கொஞ்சம் போடு" என்றான்.

போட்டேன்.